அறுபடும் நாண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

80 பவுண்டு இழுவிசை கொண்ட மரவில் ஒன்றுக்கு லினன் நூலில் நானே நாண் திரிக்கிறேன். இழைகளைக் கூட்டிக்கொண்டே போயும் மேல் வளையத்தை ஒட்டி அறுந்துவிடுகிறது. இப்போது நாண் தடித்துப்போய் அம்பின் குதைக்குள், அதாவது நாண் பொருந்தும் பின்முனைப் பிளவுக்குள், நுழைய மறுக்கிறது. டைனீமா என்ற செயற்கை இழைக்கு மாறிவிடலாமா?

கு.

அன்புள்ள கு.,

இனி இழைகளைக் கூட்ட வேண்டாம். புது நாண் பூட்டியதும் எய்யவும் வேண்டாம். நாண் அறும் நொடியில் வில்லின் கைகளை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிகளை, தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அம்பு தொடுக்காமல் நாணை விட்டால் விழும் அதே அடிதான் மரத்துக்கு. நகத்தால் தடவி, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இழுவிசையைப்போல் நான்கு மடங்கையாவது நாண் தாங்க வேண்டும் என்பது வில் செய்பவர்களின் கணக்கு. உங்களுக்கு 320 பவுண்டு. ஓர் இழையைத் தராசுக் கொக்கியில் கட்டி அறும்வரை இழுத்தால் எத்தனை இழை வேண்டும் என்று தெரிந்துவிடும். முறுக்கிலும் வளையத்திலும் குறையும் வலுவுக்காகச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா இழைகளும் ஒரே இறுக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். பத்தில் மூன்று தொய்ந்திருந்தால் முழுப் பாரமும் மீதி ஏழின் தலையில். லினன் அதிகம் நீளாது. தொய்ந்த இழை பிறகு வந்து கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. திரிப்பதற்கு முன்பே தேன்மெழுகை நன்றாகத் தேயுங்கள். வறண்ட லினன் சட்டென்று முறியும்.

வளையத்திலிருந்து திரும்பி வரும் நுனிகளை ஒரே நீளத்தில் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை முடியும் இடத்தில் நாண் திடீரென்று மெலிகிறது. ஒவ்வொரு எய்தலிலும் அந்த ஓரிடமே வளைந்து நைகிறது. நுனிகளைப் படிப்படியாகக் குறைத்து வெட்டிப் புரிக்குள் (இழைக்கற்றைக்குள்) சேர்த்துத் திரியுங்கள். வளையத்துக்கு மட்டும் சில துண்டு இழைகளை உள்ளே வைத்தால் அங்கே தடிமன் கூடும், நடுப்பகுதி மெல்லியதாகவே இருக்கும். புரியை ஒரு பக்கமாக முறுக்கி, புரிகளை எதிர்ப்பக்கமாகப் பிணைக்க வேண்டும். அளவுக்கு மீறிய முறுக்கு வலுவைக் குறைக்கும். வில்லின் குதை, அதாவது வில்முனையில் நாண் வளையம் மாட்டும் வெட்டு, அதன் விளிம்பில் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடம் நாணையும் அறுக்கும்.

1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த வில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை என்று மதிப்பிடுகிறார்கள். அங்கே கிடைத்த அம்புகளின் குதையோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலம்தான். அந்தப் பிளவுக்குள் அடங்கிய நார் நாண், உங்களுடையதைவிட இருமடங்கு வலிய வில்லையும் தாங்கியிருக்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டைனீமா இப்போது வேண்டாம். அது மிகக் குறைவாகவே நீளும் என்பதால் அதிர்ச்சியின் பெரும்பகுதி வில்முனைக்குப் போகும். மெல்லிய வளையம் வெறும் மரத்தைப் பிளந்துவிடும். முனைகளில் கொம்புப் பூண் இருந்தால், வளையத்தைத் தடித்ததாகக் கட்டி முயலலாம். உங்கள் வில்லில் பூண் உண்டா? எழுதுங்கள்.