மாநிலத்துக்குக் கட்டிய வரியை ஷெட்யூல் சி-யில் கழிக்கலாமா?

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் வீட்டின் ஓர் அறையில் சேலையும் இமிடேஷன் நகையும் வைத்து விற்கிறேன். பாதி நேரில், பாதி ஆன்லைனில். கம்பெனி எதுவும் பதியவில்லை, சோல் புரொப்ரைட்டர்தான். கணவர் வேலைக்குப் போகிறார். தொழில் லாபத்துக்காக 2025-இல் மாநிலத்துக்கு 5,200 டாலர் எஸ்டிமேட்டட் டேக்ஸ் (தவணையாக முன்கூட்டிக் கட்டும் வருமான வரி) கட்டினேன். கணக்கு பார்ப்பவர் அதை ஷெட்யூல் சி-யில் (தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஃபெடரல் படிவம்) செலவாகப் போட்டிருக்கிறார். தோழி தப்பு என்கிறாள். சேல்ஸ் டேக்ஸ், நகராட்சி லைசென்ஸ் கட்டணம் எல்லாம் எங்கே வரும்? எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள நிறுவனம்) ஆரம்பித்தால் இது தீருமா? (கணவர் சம்பளத்தில் மாநில வரிப் பிடித்தம் 12,000, வீட்டு வரி 10,000, வீட்டுக் கடன் வட்டி 14,000. கடை அறை வீட்டில் பத்தில் ஒரு பங்கு.)

பதில்: தோழி சொன்னதுதான் சரி. அந்த 5,200 டாலர் ஷெட்யூல் சி-யில் வரவே கூடாது.

தொழிலில் வந்த பணத்துக்குத்தானே கட்டினேன், அப்போது தொழில் செலவுதானே என்று தோன்றும், நியாயமாகவும் படும். ஆனால் நிகர லாபத்தின் மேல் மாநிலம் போடும் வருமான வரி உங்கள் சொந்த வரி, கடையின் செலவு இல்லை. ஒருவருடைய வருமானம் முழுக்கத் தொழிலிலிருந்தே வந்தாலும் இதுதான் நிலை என்று ஃபெடரல் வரிச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுக்கான கருவூலத் துறை விதிமுறையே சொல்கிறது, வாதாட இடமில்லை. ஐ.ஆர்.எஸ். (ஃபெடரல் வரித் துறை) இதில் கறாராக இருப்பதற்குக் காரணமும் உண்டு: ஷெட்யூல் சி-யில் போட்டால் வருமான வரி மட்டும் குறையாது, 15.3 சதவீத செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டேக்ஸும் (சொந்தத் தொழில் செய்பவர் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் கட்டுவது) சேர்ந்து குறையும். உங்கள் கணக்கில் அது மட்டுமே 730 டாலருக்கு மேல்.

வேறு மாநிலங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில் சில்லறை வியாபாரி மொத்த விற்பனையின் மேல் 0.471 சதவீதம் கட்டுகிறார், நஷ்டம் வந்தாலும் கட்ட வேண்டும். லாபத்தைப் பார்க்காமல் விற்பனையின் மேல் விழும் அந்த வரி ஷெட்யூல் சி-யில் 23-ஆம் வரிசையில் கழியும். உங்கள் நகராட்சி லைசென்ஸ் கட்டணமும் அதே வரிசையில்தான். தாமதத்துக்கான அபராதம் இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள், அது கழியாது.

இப்போது சேல்ஸ் டேக்ஸ். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கலிஃபோர்னியாவில் சேல்ஸ் டேக்ஸ் சட்டப்படி விற்பவர் மேல் விழும் வரி, வாடிக்கையாளரிடம் நீங்கள் அதை ஈடாக வசூலித்துக்கொள்கிறீர்கள், அவ்வளவே. அதனால் வசூலித்ததை மொத்த வரவில் காட்டி, மாநிலத்துக்குக் கட்டியதை 23-ஆம் வரிசையில் கழிக்க வேண்டும். 200 டாலர் சேலைக்கு உங்கள் ஊரில் 10.25 சதவீதம் என்று வைத்தால் கையில் வருவது 220.50. முதல் வரிசையில் 220.50, 23-இல் 20.50, லாபக் கணக்குக்கு மிஞ்சுவது 200. கார்டு கம்பெனி 1099-கே (வருடத்தில் உங்களுக்கு வந்த தொகையைக் காட்டும் படிவம்) அனுப்பினால் அதிலும் பெரும்பாலும் வரியோடு சேர்ந்த தொகைதான் இருக்கும், அதை அப்படியே வரவில் எழுதிவிட்டுக் கழிக்க மறந்தால் உங்களுடையது அல்லாத பணத்துக்கு வரி கட்டுவீர்கள். மாறாக, வரவில் 200 மட்டும் காட்டிவிட்டு 20.50-ஐயும் கழித்தால் இரட்டைக் கழிவு, ஆடிட்டில் மாட்டிக்கொள்வீர்கள். பெரிய ஆன்லைன் தளம் வழியாக விற்றதற்குத் தளமே வரியை வசூலித்து மாநிலத்துக்குக் கட்டிவிடும், அந்த வரியை உங்கள் கழிவில் சேர்க்காதீர்கள்.

சேலைகள் இந்தியாவிலிருந்து பார்சலில் வருகின்றன என்றால் இன்னொன்று. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றுவிட்டது. இப்போது நீங்கள் கட்டும் சுங்க வரி சரக்கின் அடக்க விலையோடு சேரும், 23-ஆம் வரிசைக்குப் போகாது. விற்காமல் இருக்கும் சேலையின் சுங்கம் அதோடு அலமாரியிலேயே நிற்கும்.

சரி, அந்த 5,200 எங்கே போகும்? ஷெட்யூல் ஏ-யில் (சொந்தக் கழிவுகளுக்கான படிவம்), இட்டமைஸ் செய்தால் மட்டும், அதாவது ஸ்டாண்டர்டு டிடக்ஷன் என்ற நிலையான தொகைக்குப் பதில் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டால் மட்டும். 2018 முதல் 2024 வரை மாநில, உள்ளூர் வரி எல்லாம் சேர்த்து 10,000 டாலர்தான் உச்சம் என்று இருந்ததால் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் பயனே இல்லாமல் போயிற்று. 2025-க்கு உச்சம் 40,000 (குடும்ப வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும்). உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கடை அறைக்கான பத்தில் ஒரு பங்கு வீட்டு வரியும் வட்டியும் 8829 படிவம் வழியாகத் தொழில் செலவாகிவிடும், அந்த அறையைக் கடைக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால். மீதியில் வீட்டு வரி 9,000, கணவர் பிடித்தம் 12,000, உங்கள் 5,200, ஆக 26,200. அதோடு வட்டி 12,600. மொத்தம் 38,800. தம்பதிக்கான ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 31,500. ஆக இட்டமைஸ் செய்தால் 7,300 டாலர் கூடுதல் கழிவு. தப்பாகப் போட்ட 5,200-ஐ எடுத்துவிட்டாலும், முன்பு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் எடுத்திருந்தால் வருமான வரிப் பக்கம் உங்களுக்கு லாபமே. கூடுவது செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டேக்ஸ் மட்டும்.

ரிட்டர்ன் அனுப்பியாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பவில்லை என்றால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். அனுப்பியிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் போடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஐ.ஆர்.எஸ். உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களாகத் திருத்திக் கட்டினால் 20 சதவீத அபராதத்திலிருந்து பொதுவாகத் தப்பிக்கலாம், வட்டி மட்டும் வரும். கணக்கு பார்ப்பவர்தானே போட்டார் என்றால் எடுபடாது, வரிக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். கலிஃபோர்னியா ரிட்டர்னையும் கூடவே திருத்த வேண்டும், ஏனென்றால் அது ஃபெடரல் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது, அதோடு தன்னுடைய வருமான வரியைத் தன் ரிட்டர்னிலேயே கழிக்க மாநிலம் ஒருபோதும் விடாது.

எல்.எல்.சி. விஷயத்தில் என் கருத்து: இதற்காக வேண்டாம். ஒருவர் மட்டும் உள்ள எல்.எல்.சி.-யை ஃபெடரல் வரிச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை, அதே ஷெட்யூல் சி, அதே விதி. மாநிலத்துக்கு மட்டும் வருடம் குறைந்தது 800 டாலர் புதிதாகக் கட்டுவீர்கள். அந்த 800-ஐ ஷெட்யூல் சி-யில் கழிக்கலாம் என்பதற்காக யாரும் 800 செலவு செய்ய மாட்டார்கள். கூட்டு நிறுவனங்களும் எஸ் கார்ப்பரேஷன்களும் (லாபத்துக்கான ஃபெடரல் வரியை உரிமையாளரே கட்டும் ஒருவகை கம்பெனி) நிறுவனத்தின் பெயரில் மாநில வரி கட்டி உச்சவரம்பைத் தாண்டும் வழி ஒன்று உண்டு, சோல் புரொப்ரைட்டருக்கு அது கிடையாது. அதற்காக எஸ் கார்ப்பரேஷனாக மாறினால் உங்களுக்கே சம்பளப் பட்டியல், தனி ரிட்டர்ன், லாபத்தில் 1.5 சதவீத மாநில வரி. உங்கள் மொத்தம் 26,200, உச்சமோ 40,000. தாண்ட வேண்டிய வேலியே உங்களுக்கு இல்லை. வாடிக்கையாளர் வழக்குப் போட்டால் சொந்தச் சொத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது வேறு கேள்வி, அதற்கு எல்.எல்.சி. யோசிக்கலாம், முதலில் காப்பீட்டையும் விசாரியுங்கள்.

இனி வரும் வருடங்களுக்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் எஸ்டிமேட்டட் டேக்ஸ் தவணை ஏப்ரலில் 30 சதவீதம், ஜூனில் 40, செப்டம்பரில் இல்லை, மீதி 30 ஜனவரி 15-க்குள். இட்டமைஸ் செய்யும் வருடத்தில் அந்தக் கடைசித் தவணையை டிசம்பர் 31-க்குள் கட்டிவிடுங்கள், எந்த வருடம் பணம் போகிறதோ அந்த வருடத்தில்தான் கழிவு. மாநிலத் தளத்தில் கட்டும்போது எந்த வருடத்துக்கான தவணை என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ரசீதைச் சேமித்து வையுங்கள்.