டெஸ்ட் எழுதுவதற்கு முன் ஒரு எண்

எந்தப் பரிசோதனையை எப்போது எழுதுவது, ரிசல்ட்டை எப்படிப் படிப்பது என்பதை மருத்துவ மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் வார்டில் வைத்துப் பாடம் எடுப்பவன் நான். என் வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக லேப் பாரத்தை வாங்கி வைத்துக்கொள்வேன். "இந்த நோய் இவருக்கு இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? மனதில் பட்டதைச் சொல்" என்பேன். எண் வந்தால்தான் பாரம் திரும்பக் கிடைக்கும்.

இந்தப் பழக்கம் செந்தூலிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநரால் வந்தது. ஆறு நாளாகக் காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு டிங்கி. மாணவி என்எஸ்1 என்ற டிங்கி ரத்தப் பரிசோதனையை எழுதினாள், நெகட்டிவ் வந்தது. "டிங்கி இல்லை டாக்டர்" என்றாள். அவர் மனைவி அதைக் கேட்டதும், "அப்ப வீட்டுக்குப் போயிடலாங்களா?" என்று பையை மூட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டோம். இவரைப் போல 100 பேர் வந்தால் எத்தனை பேருக்கு டிங்கி இருக்கும்? 80 என்றாள், சரியான ஊகம்தான். என்எஸ்1 என்பது டிங்கி வைரஸின் புரதம். முதல் சில நாட்களில் நன்றாகத் தெரியும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். முன்பே டிங்கி வந்தவர்களிடம் தவறிப்போக வாய்ப்பு இன்னும் அதிகம். ஆறாம் நாளில் பாதிப் பேரைத்தான் பிடிக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 80 பேரில் 40 பேர் நெகட்டிவ். டிங்கி இல்லாத 20 பேரும் நெகட்டிவ். ஆக, நெகட்டிவ் வந்த 60 பேரில் 40 பேருக்கு டிங்கி! மாணவி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாளில் கேட்டிருக்க வேண்டியது ஐஜிஎம், அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் டெஸ்ட். அதைவிட அவசரம் ஹீமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு: காலையில் 42, மதியம் 49. இப்படி ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறதோ என்று பயப்பட வேண்டும். அவரை வீட்டுக்கு விடவில்லை.

சதவீதமாகச் சொன்னால் மாணவர்களுக்குப் பிடிபடாது, ஆட்களாக எண்ணினால் பிடிபடும். இது என் அனுபவம்.

அப்புறம் செக்கப் பேக்கேஜ். நார்மல் அளவு என்பதே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் உள்ளே வரும்படி வகுத்ததுதான். ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல உடம்புக்காரருக்கே ஒன்றாவது அளவு தப்பி வர 64 சதவீத வாய்ப்பு. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு, சில புற்றுநோய்களில் கூடும் சிஈஏ என்ற ரத்த அளவு கொஞ்சம் கூடியிருந்தது. கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து ஒன்றுமில்லை என்று தெரியும்வரை, இரண்டு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அந்த டெஸ்டே தேவைப்பட்டிருக்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அதனால் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வாய், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வாய்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் ஊசி குத்த வேண்டாம்.

ஏன் டெஸ்ட் எழுதவில்லை என்று ஹவுஸ்மேனை (பயிற்சி மருத்துவரை) திட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள், ஏன் எழுதினாய் என்று கேட்பவர்கள் குறைவு. நான் இப்போது கேஸ் ஷீட் திருத்தும்போது, எழுதாமல் விட்ட டெஸ்டுக்குச் சரியான காரணம் சொல்லியிருந்தால் அதற்கும் மார்க் போடுகிறேன்.