கையெழுத்தைப் போட்டது யார்?

கேள்வி: எனக்கு 41 வயது. பர்மாவில், பெகு நகரத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கோயில் பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றேன். பர்மியப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்திவிட்டார்கள். பர்மியம் நன்றாகப் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலையில் பெற்றோர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிறார்கள். மூன்றாம் வாரம் பலகையில் வந்து எழுதச் சொன்னார்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, தெரிந்த எழுத்தும் மறந்துபோனது. அதோடு போவதை நிறுத்திவிட்டேன். நான்காம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் கோபம் வந்து குட்டிவிடுகிறேன். மற்றபடி பள்ளிக்கூட விஷயத்தில் சிக்கல் இல்லை. ரிப்போர்ட் கார்டில்கூட என் கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டு போய்விடுவாள். "இனிமேல் படித்து என்ன ஆபீசராகவா போகப்போகிறாய்?" என்கிறார் மாமியார். இந்த வயதில் படிப்பு ஏறுமா?
— பெகு வாசகி

பதில்: ஏறும். வயதைப் பற்றி இதற்குமேல் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. இதே கேள்வியோடு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் கேள்வி கடைசி வரியில் இருக்கும். விஷயம் அதற்கு நாலு வரி முன்னால், போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தில் கிடக்கும்.

உங்கள் கடிதத்தில் அது, "என் கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டு போய்விடுவாள்." சிக்கல் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு இல்லை?

நான்காம் வகுப்புக் குழந்தை தாயின் கையெழுத்தைப் போடப் பழகியிருக்கிறாள். முதல் தடவை கை நடுங்கியிருக்கும். இப்போது நடுங்காது. அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு, அது ஊருக்குத் தெரியாமல் மூடிவைப்பது தன் பொறுப்பு என்று அவள் படித்துக்கொண்டுவிட்டாள். பள்ளியில் சொல்லித்தந்த எதையும்விட இதை நன்றாகப் படித்திருக்கிறாள். மார்க் குறைந்த மாதம் அந்த அட்டை உங்கள் கண்ணில் பட்டதா? படவேண்டிய அவசியம் என்ன, கையெழுத்துத்தான் அவள் பென்சில் டப்பாவிலேயே இருக்கிறதே!

பிள்ளைகள் பெற்றவர்களைத் தாங்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அதற்கு நேரம் இருக்கிறது. உங்கள் முதுகு வளைந்த பிறகு தாங்கட்டும். பால்பல் விழுந்து முடிவதற்குள் அந்தச் சுமையை ஏற்றிவிட்டு, கணக்குத் தப்பினால் குட்டவும் செய்கிறீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறீர்கள், சுழியெல்லாம் சுத்தமாக. நீங்கள் கைநாட்டு இல்லை. தமிழில் போட்டால் அது கையெழுத்து ஆகாதா? பெற்றவர் அட்டையைப் பார்த்தார் என்பதற்கு அடையாளமாகத்தான் அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துக் கேட்கிறார்கள். யாரும் உங்களுக்கு மொழிப் பரீட்சை வைக்கவில்லை.

ஆகவே எழுத்து படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை. பள்ளி விட்டு, வாசலில் கூட்டம் கலைந்த பிறகு, வகுப்பு சயாமாவை, அதாவது ஆசிரியையை, தனியாகப் போய்ப் பாருங்கள். மகள் கூட வரவேண்டாம். பர்மியம் பேசுவதில்தான் உங்களுக்குக் குறை இல்லையே. இதுவரை போட்டது மகள், போடவிட்டது நான், இனிமேல் நானே போடுவேன், தமிழில் போடுவேன் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மார்க்கை வாய்விட்டு வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும். வீட்டுக்கு வந்து மகளிடம், "சயாமாகிட்ட சொல்லிட்டேன், உன்மேல தப்பில்ல" என்றால் போதும். அதற்குமேல் அழுது அவளையும் அழவைக்காதீர்கள்.

அடுத்தது அந்தப் பலகை. ஒரு வேலையைச் செய்யும்போது மனம் அந்த நேரத்துக்குப் பிடித்துவைத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செயல்நினைவு என்பார்கள். இடம் கொஞ்சம்தான். "சிரிப்பார்களோ" என்ற நினைப்பு அதில் வந்து உட்கார்ந்துகொண்டால் எழுத்துக்கு இடம் இருக்காது. உங்களுக்கு மறந்தது மூளை மழுங்கியதால் அல்ல, இதனால்தான். பர்மிய எழுத்தில் இது இன்னும் கொடுமை. முழு வட்டம் போட்டால் 'வ'. அதே வட்டம் மேலே திறந்திருந்தால் 'ப'. கீழே திறந்திருந்தால் 'க ங்கே'. வலப்பக்கம் திறந்திருந்தால் 'ங'. வாய் எந்தப் பக்கம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். நிதானமான கண் அதைப் பார்த்துவிடும். பயந்த கண்ணுக்கு நாலும் வட்டம்.

மூன்றாம் வாரத்திலேயே பெரியவர்களைப் பலகைக்குக் கூப்பிட்டது மண்டபத்தில் பாடம் நடத்துகிறவர்களின் தப்பு. பிள்ளை பலகையில் தப்பாக எழுதினால் மணி அடிப்பதற்குள் எல்லாரும் மறந்துவிடுவார்கள். கடை வைத்து நாலு பேருக்குக் கடன் கொடுத்து மரியாதையோடு இருக்கும் பெண், தன்னிடம் கடன் வாங்கியவர்கள் முன்னால் 'ப'வைத் தப்பாக எழுதினால் அது சின்ன விஷயமா? ஆறு வாரத்துக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன், பலகைக்கு வரமாட்டேன் என்று நேரே சொல்லிவிடுங்கள். வகுப்புக்குப் போகாமல் நின்றுகொண்டது மட்டும் உங்கள் தப்பு.

வகுப்புக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம், பயப்படுவது எதற்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். யார் சிரிப்பார்கள், என்ன சொல்வார்கள், எல்லாவற்றையும். பிறகு கிழித்துப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் ராமிரெஸ், பைலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பரீட்சைக்குச் சற்று முன்னால் மாணவர்களைத் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் எழுதவைத்துப் பார்த்தார்கள். பரீட்சைப் பயம் அதிகமுள்ளவர்களுக்கு அதனால் மார்க் கூடியது. 2011-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மனதிலிருந்து தாளுக்கு இறங்கிய கவலை செயல்நினைவில் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை.

எழுத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடையிலிருந்து தொடங்குங்கள். அரிசி 'சன்', எண்ணெய் 'சீ', உப்பு 'சா'. நாள் முழுக்க உங்கள் வாயில் புழங்கும் மூன்று சொல்லும் ஒரே எழுத்தில், 'ச லேன்' என்பதில், ஆரம்பிக்கின்றன. மூன்று டின்னிலும் சீட்டு எழுதி ஒட்டுங்கள். 'சீ'க்குத் தலைமேல் ஒரு சின்னச் சுழி. 'சா'வுக்குப் பக்கத்தில் ஒரு கால், அதன்பின் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. 'சன்'னுக்கு அடுத்த எழுத்து 'ந', அதன் தலையில் ஒரு கொக்கி. நம் 'ன்'மேல் புள்ளி செய்கிற வேலையை அந்தக் கொக்கி அங்கே செய்கிறது. தமிழ் தெரிந்த உங்களுக்கு இதை யாரும் இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்காது.

பர்மிய மெய்யெழுத்து 33. கடை திறக்குமுன் இருபது நிமிடம், நாளைக்கு நாலு எழுத்து. புதிதாக நாலு எழுதுமுன் நேற்றைய நாலைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். வாரத்தில் நாலாம் நாளும் ஏழாம் நாளும் புதிது வேண்டாம், பழையது மட்டும். இரண்டு வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். அந்த நாலு வட்டங்களையும் ஒரே நாளில் தொடாதீர்கள், ஒன்றோடொன்று குழம்பும். ஒவ்வொன்றாகக் கைக்கு வந்த பிறகு, ஓர் ஏழாம் நாளில் நாலையும் வரிசையாக எழுதி, வாய் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே போங்கள். அதன்பிறகு கடன் நோட்டில் வாடிக்கைக்காரர் பெயர்களைப் பர்மியத்தில் எழுத ஆரம்பிக்கலாம். தப்பினால் பணம் போகும் என்பதால் கவனம் தானாக வரும்.

குட்டுவதை இன்றே நிறுத்துங்கள். 2015-இல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கணக்கென்றாலே பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த வருடம் கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பயமுள்ள பெற்றோர் அதிகம் தலையிடாத வீடுகளில் அப்படி இல்லை. உங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் வாய்ப்பாட்டைக் கோரஸாகக் கத்திப் படித்தவர். இங்கே 2016-இல் கேஜி, 2017-இல் முதல் வகுப்பு என்று பாடத்திட்டம் படிப்படியாக மாறி வந்தது. அவள் புத்தகம் 'எப்படி வந்தது' என்று கேட்கிறது, நீங்கள் 'விடை என்ன' என்று கேட்கிறீர்கள். நடுவில் அவள் தலை.

கொஞ்ச நாளைக்குக் கணக்குச் சொல்லித்தராதீர்கள். ஒரே மேசையில் அவள் நோட்டோடும் நீங்கள் சிலேட்டோடும் உட்காருங்கள். அவள் நோட்டைத் தொடவேண்டாம். கேட்டால், "எனக்குத் தெரியல, நாளைக்கு சயாமாவைக் கேளு" என்று சொல்லுங்கள். அம்மா எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதை அவள் ஓரக்கண்ணால் பார்க்கட்டும். "நீயே எனக்குச் சொல்லிக்கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள். அழகான யோசனை என்று பலர் சொல்வார்கள். ஏற்கெனவே உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட குழந்தைக்கு வாத்தியார் வேலையும் கொடுக்கவேண்டாம். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடை பர்மியப் பெண்ணிடம் கேளுங்கள்.

மாமியாரிடம் படிப்பைப் பற்றி வாதாட வேண்டாம், அனுமதியும் கேட்கவேண்டாம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காரச் சொல்லுங்கள். அரிசி டின் எது, உப்பு டின் எது என்று கேட்டால் சீட்டைக் காட்டுங்கள்.