‘2–3 நாளில் வந்துவிடும்’ என்று எழுதினால் போதாதா?

கேள்வி: வீட்டிலேயே ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கிறேன். வீடுகளுக்குக் கூரியர், கடைகளுக்கு லாரி பார்சல். ‘பொருள் 2–3 நாளில் வந்துவிடும், சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். அப்படியும் ‘என் பார்சல் எங்கே?’ என்று தினமும் போன் வருகிறது. எப்படி மாற்றி எழுதலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 2–3 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது, சகோதரி? நீங்கள் கூரியரில் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். வாங்குபவரோ பணம் கட்டிய நிமிடத்திலிருந்து எண்ணுகிறார். போன் வருவது அதனால்தான். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பகல் 12 மணிக்குள் பணம் கட்டினால் அன்று மாலையே கூரியரில் போடுவோம், அதற்கு மேல் என்றால் மறுநாள். போட்ட நாளிலிருந்து தமிழ்நாட்டுக்குள் 2–3 வேலை நாள். ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் சேராது. பார்சல் போட்டதும் டிராக்கிங் எண் அனுப்புவோம்.’

12 மணி உங்களுக்குக் கட்டுப்படியாகாதா? 10 என்று போடுங்கள். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், ‘முகவரி அனுப்புங்கள்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு, பகலில் வீட்டில் இருப்பவரின் போன் எண் என்று பிரித்துக் கேளுங்கள். புதூர் என்று மட்டும் வந்தால் எந்தப் புதூர் என்று தேடுவது? பின்கோட்டின் முதல் மூன்று இலக்கம்தான் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டுகிறது. அதில் ஒன்று தப்பினாலும் பார்சல் வேறு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர்களுக்கு இந்தச் செய்தியை அனுப்ப வேண்டாம். அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த லாரி ஆபீஸ், எத்தனை பெட்டி, கோடவுன் டெலிவரியா (கடைக்காரரே லாரி ஆபீஸ் கோடவுனுக்குப் போய் எடுப்பது) டோர் டெலிவரியா (கடைக்கே வந்து தருவது), வாடகை ‘டு பே’யா (சரக்கை எடுப்பவர் கட்டுவது) ‘பெய்ட்’டா (அனுப்புபவர் முன்பே கட்டியது)? இது தெரியாவிட்டால் ஆள் கொண்டுவந்து தருவார் என்று அவர் கடையில் காத்திருப்பார், சரக்கு கோடவுனில் கிடக்கும். புக் பண்ணிய அன்றே லாரி ஆபீஸ் தரும் எல்.ஆர். எனும் சரக்கு ரசீதைப் படமெடுத்து, ‘3 பெட்டி, கோடவுன் டெலிவரி, டு பே. எல்.ஆர். காட்டி எடுத்துக்கொள்ளவும்’ என்று சேர்த்து அனுப்புங்கள்.

‘பொறுப்பல்ல’ என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். ஊறுகாய் பாட்டில் வழியில் உடைந்தால் பணம் கட்டியவர் என்ன செய்வார்? 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும், குறையுள்ள பொருளை விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. பதிலுக்கு இதைப் போடுங்கள்: ‘பாட்டில் உடைந்திருந்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் உடைந்த பாட்டில், பெட்டியின் வெளிப்புறம், லேபிள் மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் செலவில் வேறு பாட்டில் அனுப்புவோம்.’ கூரியர்காரரிடம் நீங்கள் இழப்பீடு கேட்கவும் அந்தப் படங்கள் உதவும்.

இவற்றை வாட்ஸ்அப் பிசினஸில் ‘குயிக் ரிப்ளை’யாக, அதாவது மறுபடி தட்டச்சு செய்யாமல் அனுப்பக்கூடிய தயார் பதிலாக, சேமித்துவையுங்கள். பணம் வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடலாம்.