காயிந்தாவுல தரைத்தள வீடு வேண்டாம் தம்பி

பிலிப்பைன்ஸ்ல மணிலாவை ஒட்டின காயிந்தாவுல தனி வீடு ஒண்ணு, பக்கத்து மேட்டு ஊரான அந்திப்போலோ வாடகையில பாதிதான், எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. கூடவே விசா, தயிர், பையனுக்குப் பள்ளிக்கூடம். தயிர் கிடைக்கும். விசாவை உங்க கம்பெனி பாத்துக்கும். பள்ளிக்கூடம் வந்து இறங்கினப்புறம் நாலு பேரைக் கேட்டா தெரிஞ்சிடும். அந்த வீட்டுக்கு மட்டும் முன்பணம் அனுப்பிடாதீங்க.

2007ல நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் காயிந்தாவுல தரைத்தள வீடு எடுத்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு மேட்டுல பொறந்தவன். பக்கத்து லகூனா ஏரி வீட்டுக்குள்ள வரும்னு எவன் கண்டான்? 2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை, ஓண்டோய் புயல். மணிலாவுல 24 மணி நேரத்துல 455 மி.மீ. மழை. காலையில வாசப்படியைத் தொட்ட தண்ணி, மத்தியானம் ஜன்னல் கம்பிக்கு வந்துடுச்சு. எதிர்வீட்டு மாடியில ரெண்டு ராத்திரி கிடந்தோம். சர்டிஃபிகேட்டெல்லாம் கூழாப் போச்சு. கோயமுத்தூர்ல இருந்து சுமந்துட்டு வந்த கிரைண்டர்ல மோட்டார் போய் கல்லு மட்டும் மிஞ்சுச்சு. வீடு காட்டின தரகர் அப்புறம் போனே எடுக்கல.

அதுக்கப்புறம்தான் இந்த ஊருங்க எப்படி உண்டாச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். ஸ்பானியர்கள் வர்றப்போ இங்க ஜனங்க ஏரிக்கரை, ஓடைக்கரைன்னு சிதறித்தான் இருந்தாங்க. வரி வாங்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் அது தோதுப்படல. அதனால கோயில் மணிச்சத்தம் கேக்கிற தூரத்துக்குள்ள எல்லாரையும் இழுத்துட்டு வந்து குடிவெச்சாங்க. நடுவுல மைதானம், ஒரு பக்கம் கோயில், பக்கத்துலயே ஊராட்சிக் கட்டடம், சுத்தி ஊர்ப் பெரியதனக்காரங்க வீடு. ஊரு இப்படித்தான் இருக்கணும்னு இரண்டாம் பிலிப் ராஜா 1573லயே சட்டம் போட்டு வெச்சிருந்தார். இன்னைக்கும் அந்த நடு ஊரைத்தான் 'பாயன்'ம்பாங்க.

இதுல காயிந்தாவுக்குப் பக்கத்து ஊரான தாய்தாய் கதையைக் கேளுங்க. அந்த ஊர் முதல்ல லகூனா ஏரியோரச் சதுப்புலதான் இருந்துச்சு. மழைக்காலம் வந்தா கோயிலுக்குள்ளயே தண்ணி. 1591ல யேசு சபை பாதிரியாருங்க வந்தாங்க. பேத்ரோ சிரினோங்கிறவர் ஊரையே மேட்டுக்கு ஏத்திட்டார். மலைமேல் புனித யோவான்னு பேரு. நானூறு வருஷம் கழிச்சு நம்ம காலத்து ஆளுங்க அதே பள்ளத்துல மண்ணைக் கொட்டி, வாசல்ல வளைவு கட்டி, இங்கிலீஷ்ல அழகா ஒரு பேரு வெச்சு, மனை போட்டு வித்துட்டாங்க. போதாக்குறைக்கு மணிலா முழுகாம இருக்கணும்னு மரிகினா ஆத்து வெள்ளத்தை ஏரிக்குத் திருப்பிவிட 1986ல மங்ககான் வாய்க்காலை வெட்டினாங்க. அது எந்தப் பக்கமா போவுதுன்னு மேப்புல பாருங்க தம்பி. தாய்தாய்ல வீடு எடுத்தாலும் கோயில் மேட்டுலயே எடுங்க. இல்லன்னா அந்திப்போலோ. காயிந்தாவேதான் வேணும்னா மாடி.

பெருநகர் மணிலாவுல மகாத்தியில அடுக்குமாடியில இருக்கற நம்மாளுங்க சிலர் "என்னங்க, மாகாணத்துல போய் உக்காந்திருக்கீங்க"ன்னு என்னைக் கேலி பண்ணுவாங்க. அவங்ககிட்டயும் யோசனை கேட்டிருப்பீங்க. பத்து வருஷம் இருந்தும், இங்க பஸ் மாதிரி ஓடற ஜீப்னியை நிறுத்த "பாரா போ"ன்னு சொல்லத் தெரியாது. தீபாவளிக்குக் கூடினா இந்த ஊர்க்காரங்களைத் திட்டறதுதான் வேலை. அவங்க மகாத்தி கதையே அவங்களுக்குத் தெரியாது. காயிந்தா, தாய்தாய், அந்திப்போலோ எல்லாம் ரிசால் மாகாணம். அமெரிக்கர்கள் 1901ல மணிலா மாகாணத்து ஊர்களையும் மோரோங் மாவட்டத்தையும் ஒட்டவெச்சு அதை உண்டாக்கினாங்க. அஞ்சு வருஷம் முன்ன ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்ன, இந்த நாட்டு நாயகர் ஹோசே ரிசால் பேரு அது. 1975ல அதிபர் மார்க்கோஸ் பெருநகர் மணிலாவுக்காகப் பிச்சு எடுக்கற வரைக்கும் மகாத்தியும் அந்த ரிசால் மாகாணத்து ஊர்தான். மாகாண அலுவலகம் இருந்த பாசிக் ஊரும் அப்பவே பெருநகருக்குப் போயிடுச்சு, ஆனா அலுவலகம் மட்டும் அங்கயே. எங்க மாகாணத்துக் காகிதத்துக்கு மாகாணத்தைத் தாண்டிப் போகணும்! 2009ல அந்திப்போலோவுல புதுக் கட்டடம் திறந்தப்புறம்தான் அந்த அலைச்சல் நின்னுச்சு.

இன்னொண்ணு. தெருவுல இறங்கினா உங்களை 'பும்பாய்'னு கூப்பிடுவாங்க, அதாவது பம்பாய்க்காரன்; இந்தியர் எல்லாருக்கும் இங்க அதான் பேரு. அஞ்சு கொடுத்து ஆறா வாங்கற வட்டிக்குக் கடன் தருவீங்களான்னு கேப்பாங்க. மோட்டார் சைக்கிள்ல வட்டி வசூலிக்கிற பஞ்சாபிக்காரங்க வாங்கிக் கொடுத்த பேரு. எனக்கும் முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா காயிந்தாவுல நம்மாளுங்க உறவு அதைவிட ரொம்பப் பழசு. 1762ல இங்கிலீஷ்காரன் சென்னையில இருந்து கப்பல்ல வந்து மணிலாவைப் பிடிச்சப்போ கூடவே சிப்பாய்ங்களையும் கூட்டிட்டு வந்தான். 1764ல அவன் திரும்பிப் போனான், சிப்பாய்ங்கள்ல கொஞ்சம் பேரு போகல. காயிந்தாவுலயே கல்யாணம் கட்டிக் குடும்பமாயிட்டாங்க.

வெள்ளம் வடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு அங்க மார்க்கெட்டுல ஜிலேபி மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா என் மூஞ்சியையே உத்துப் பாத்தாங்க. "பும்பாயா?"ன்னாங்க. ஆமான்னேன். "எங்க தாத்தாவோட தாத்தாவுக்கும் தாத்தா பும்பாய்தான், பட்டாளத்துல வந்தவர்"னு சொல்லி, செதில் ஒட்டின விரலால தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாங்க. எங்க பெரியத்தை மூக்கு அப்படியே. அன்னையிலிருந்து அவங்களுக்கு நான் 'பின்சான்', அதாவது ஒண்ணுவிட்ட உறவு. இப்போ அந்திப்போலோவுல இருந்தாலும் மீனுக்கு அங்கதான் இறங்கிப் போறேன். பின்சான்னு வாய் நிறையக் கூப்பிடுவாங்க, விலையில பத்து பெசோ குறைக்க மாட்டாங்க.