வெளிநாட்டு அரசின் மானியமும் பாசி எடுக்கும் பெண்களின் உரிமையும்: விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: எங்கள் அறக்கட்டளை பதிவாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாம்பனைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களோடு வேலை செய்கிறோம். ஐரோப்பிய நாடு ஒன்றின் அரசு, உரிமை அடிப்படையிலான வளர்ச்சித் திட்டங்களுக்கு மானியம் அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களிடம் இல்லை. மதுரையில் உள்ள பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று, தன் கணக்கில் பணத்தை வாங்கி எங்களுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறது. இது சரியா? விண்ணப்பத்தில் உரிமை என்று அழுத்தி எழுதினால் தில்லியில் சிக்கல் வருமா? எழுதாவிட்டால் கொடையாளர் ஏற்பாரா?

பதில்: மதுரை நிறுவனம் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கும். ஆனால் அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., திருத்தப்படும் வரை, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் பதிவு பெற்ற மற்றொன்றுக்குப் பணத்தைப் பகிர்ந்து தர முடிந்தது. திருத்தப்பட்ட 7-ஆவது பிரிவு அதை அடியோடு தடை செய்துவிட்டது. அந்தத் திருத்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே மதுரை நிறுவனத்தின் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து உங்கள் அறக்கட்டளைக்கு ஒரு ரூபாய் மாற்றினாலும் அவர்களுடைய பதிவுக்கே ஆபத்து. 'சேவைக் கட்டணம்' என்று ரசீது போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதைக் கேட்காதீர்கள். திட்டத்தையே நடத்தும் பொறுப்பு உங்களுடையதாக இருக்கும்போது, ரசீதின் தலைப்பு தணிக்கையில் உங்களைக் காப்பாற்றாது.

முழுப் பதிவுக்கும் நீங்கள் இப்போது தகுதி பெறவில்லை. அதற்கு நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். உங்களுக்குத் திறந்திருப்பது எஃப்.சி-3பி படிவத்தின் வழியாக ஒன்றிய உள்துறை அமைச்சகத்திடம் பெறும் முன்அனுமதி மட்டுமே. குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட ஒரு தொகையை, குறிப்பிட்ட ஒரு பணிக்காக வாங்கிக்கொள்ளும் அனுமதி அது. விண்ணப்பத்தோடு கொடையாளரின் வாக்குறுதிக் கடிதம் இணைக்கப்பட வேண்டும் என்பதால், முதலில் மானியம் உங்களுக்கென்று முடிவாக வேண்டும், பிறகுதான் அரசின் அனுமதிக்குப் போக முடியும். அனுமதி குறித்துச் சாதாரணமாக 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்தக் காலத்தை நம்பித் திட்டத்தின் தொடக்கத் தேதியை எழுதிவிடக் கூடாது. அனுமதி கிடைத்த நாளிலிருந்தே திட்டக்காலம் தொடங்கும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் பழகிய தூதரகங்களுக்கு இது புதிய கோரிக்கை அல்ல.

அனுமதி வந்த பின்னும், பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறக்கப்படும் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அங்கிருந்து இராமநாதபுரத்திலோ பாம்பனிலோ உள்ள செலவுக் கணக்குக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் அறங்காவலர்களில் யாராவது ஊராட்சி உறுப்பினராக இருக்கிறாரா என்பதையும் இன்றே பாருங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும்; இச்சட்டத்தின் வரையறையில் ஊராட்சியும் நகராட்சியும்கூட 'சட்டமன்றம்' என்பதற்குள் அடங்கும் என்பது தெரிவதில்லை. ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்கிறவரையே வார்டு உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்து, அறங்காவலராகவும் உட்கார வைப்பது நம் பக்கத்து வழக்கம். அவர் பொறுப்பில் நீடித்தால் விண்ணப்பம் சிக்கலாகும்.

மதுரை நிறுவனத்தோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்றால் நேர்மையான வழி ஒன்று உண்டு. அவர்களே விண்ணப்பதாரராக இருந்து, அவர்களே ஊழியர்களை நியமித்து, பயிற்சிக்கு வரும் பெண்களின் பயணச் செலவையும் படியையும் தங்கள் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தி, பணியைத் தாங்களே நடத்துவது. நீங்கள் பணம் பெறாத ஆலோசகர்களாக, ஊரை அறிந்தவர்களாக உடனிருக்கலாம். இதில் அறக்கட்டளையின் பெயர் பின்னுக்குப் போகும். அது பரவாயில்லை என்று உங்கள் குழு முடிவெடுத்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

இனி விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வரைவில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: 'பாசி எடுக்கும் பெண்கள் வறுமையில் வாடுகிறார்கள், அவர்களுக்கு நீர்க்கண்ணாடியும் கையுறையும் வழங்கி, விழிப்புணர்வு முகாம்கள் நடத்தி, அவர்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துவோம்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது உதவித் திட்டம்; உரிமைத் திட்டம் அன்று. 'உரிமை' என்ற சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்தாலும் இது மாறாது. மதிப்பீட்டாளர் தேடுவது மூன்றே செய்திகளைத்தான்: எந்த உரிமை, அது யாருக்கு உரியது, அதைத் தர வேண்டிய கடமை யாருடையது. இந்த மூன்றாவதுதான் பெரும்பாலான விண்ணப்பங்களில் காணாமல் போகிறது. எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின் கீழ், எதைச் செய்யத் தவறியிருக்கிறது என்று பெயர் சொல்லி எழுதாத திட்டத்தில், கடைசியில் கண்ணாடியும் கையுறையும்தான் மிஞ்சும்.

உங்கள் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழங்குறைந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. மரிக்கொழுந்து, கட்டைக்கோரை, கஞ்சிப்பாசி ஆகிய பாசி வகைகள் நன்றாக விளைவது அந்தத் தீவுகளை ஒட்டிய பாறைகளில்தான். தலைமுறை தலைமுறையாக இறங்கிய கடல், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விட்டது. பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை; மாதத்தில் எத்தனை நாள் இறங்குவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைக் கைவிடுவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் பரிசு கிடைத்தது இந்த முயற்சிகளுக்காகத்தான். ஊரே அறிந்த இந்தச் செய்தி உங்கள் வரைவில் ஒரு வரிகூட இல்லை. உரிமை அடிப்படையிலான விண்ணப்பத்துக்கு இதைவிட வலுவான அடித்தளம் கிடையாது: உரிமையைக் கோருபவர்கள் தங்கள் பொறுப்பை ஏற்கெனவே நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

அதன்மேல் சட்ட ஆதாரத்தை அடுக்குங்கள். பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லியிருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றது. அதன் 14-ஆவது கூறு ஊரகப் பெண்களைப் பற்றியது. சிறு அளவிலான மீன்பிடிப்பைக் காக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பில் 2014-இல் ஏற்கப்பட்ட தன்னார்வ வழிகாட்டு நெறிகள், கரையில் வேலை செய்யும் பெண்களையும் சேர்த்துப் பேசுகின்றன. மாநில அளவில், மீனவர்களுக்கும் மீன்பிடி சார்ந்த தொழிலாளர்களுக்குமான நலவாரியச் சட்டம் 2007-இல் வந்தது. பாசி எடுப்பவர்கள் அந்த வாரியத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, எத்தனை பேர், மறுக்கப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்று ஊர்வாரியாக நீங்கள் எடுக்கும் கணக்கு, பத்துப் பக்கப் பின்னணிக் கட்டுரையைவிடப் பெறுமானம் உள்ளது. வலமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட கடற்பாசிப் பூங்காவுக்கு 127 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது குறித்த முடிவுகள் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றன, அந்தக் கூட்டத்தில் இப்பெண்களுக்கு இடம் உண்டா என்று கேட்பதும் உரிமைத் திட்டத்தின் வேலைதான்.

இப்படி எழுதினால், திட்டத்தின் நோக்கங்களையும் அளவீடுகளையும் காட்டும் லாக்ஃப்ரேம் அட்டவணையில் அளவீடுகளும் தாமாகவே மாறிவிடும். 'நடத்தப்பட்ட முகாம்கள்' என்ற வரிக்குப் பதிலாக, கிராம சபையில் பெண்கள் கொண்டுவந்த தீர்மானங்கள், வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் கொடுத்த மனுக்களில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தவை, தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் கிடைத்தவை, வாரியத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட உறுப்பினர்கள் என்று எண்ணக்கூடியவை வரும். அதிகாரிகளுக்கான பயிற்சியையும் ஒரு செயல்பாடாகச் சேருங்கள். கடமைப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நடையைவிட, அவர் தன் கடமையைச் செய்வதற்கு என்ன தடை என்று ஆராயும் நடையைக் கொடையாளரும் விரும்புவார், அமைச்சகமும் தாங்கிக்கொள்ளும்.

தில்லியில் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அரசியல் தன்மை கொண்ட அமைப்பு' என்று அறிவிக்கப்படும் நிறுவனம் வெளிநாட்டுப் பணம் பெற முடியாது. ஆனால் அரசியல் நோக்கம் இல்லாமல் பொதுக் காரியத்துக்காகப் போராட்டங்களை ஆதரிக்கும் அமைப்புகளை அந்த விதியால் தண்டிக்கக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்துள்ளது. ஆகவே இந்தியச் சட்டங்கள் தந்த உரிமைகளை, அந்தந்தச் சட்டத்தின் பெயர் சொல்லி எழுதுவதில் தயக்கம் வேண்டாம். கொடையாளருக்கு ஒன்றும் அமைச்சகத்துக்கு வேறொன்றுமாக இரண்டு வடிவங்கள் எழுதுவதுதான் உண்மையான ஆபத்து. இரண்டும் எப்படியும் ஒரே கோப்பில் வந்து சேரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கச்சத்தீவையும் எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்களையும் இந்த விண்ணப்பத்தில் இழுக்காதீர்கள். அந்தத் துயரம் உண்மையானது. உங்கள் தெருவிலேயே அந்தக் குடும்பங்கள் இருக்கும். ஆனால் அயல்நாடுகளுடனான நட்புறவுக்குப் பங்கம் வரக் கூடாது என்பது அனுமதிக்கான நிபந்தனைகளில் ஒன்று. இன்னொரு நாட்டு அரசின் பணத்தைக் கொண்டு அந்தப் பிரச்சினையில் இறங்குவதாக ஒரு வரி இருந்தாலும் முழு விண்ணப்பமும் அதற்குப் பலியாகும்.

இணைப்புகளிலும் கவனம் தேவை. தீவுக்கு அருகே பாசி எடுக்கும் பெண்களின் முகம் தெரியும் படங்களையோ, இடமும் தேதியும் குறித்த வாக்குமூலங்களையோ சேர்க்க வேண்டாம். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்ததற்கான சாட்சியத்தை அவர்கள் பெயரோடு நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். பெயர்களை நீக்கி, ஊரையும் பருவத்தையும் மட்டும் சொன்னால் போதும்.

வரவு செலவுத் திட்டத்தில், வெளிநாட்டுப் பங்களிப்பில் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கொடையாளர் அதற்கு மேல் அனுமதித்தாலும் நம் சட்டமே மேலோங்கும். களப் பணியாளர்களில் யாருடைய சம்பளம் நிர்வாகச் செலவில் சேரும், யாருடையது சேராது என்பதைப் பட்டயக் கணக்கரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் கூட்டத்துக்கு வரும் நாளில் இழக்கும் கூலிக்கு ஒரு தலைப்பு வையுங்கள். கால அட்டவணையைக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் போடுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடலான பாக் நீரிணை. இறங்க முடியாத நாட்களில் பயிற்சி வைத்தால் யாருக்கும் கூலி நஷ்டம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் மேலும் சுருங்கும் என்பதால், அப்போது கூலியில்லாத பயிற்சிக்குக் கூப்பிடுவது நியாயம் அன்று.

இந்த மானியம் கிடைக்காமல் போனால் வேறு வாசல்கள் எவை என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு செயல்பாட்டை நிறுத்திவிட்டது. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியை 2027-க்குள் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. அங்கிருந்து விலகிய நிறுவனங்களும் இப்போது ஐரோப்பியக் கதவுகளைத்தான் தட்டும் என்பதால் போட்டி கடுமையாக இருக்கும். சென்னையிலுள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம் வழியாக வரும் அடித்தள மானியம் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் உரியது. உங்கள் திட்டத்துக்கு அது பொருந்தாது. ஐக்கிய நாடுகள் அமைப்பும் அதன் சிறப்பு முகமைகளும் இச்சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. எனவே அவற்றின் சிறு மானிய அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். பதிவுக்கான மூன்று ஆண்டுகளும் 15 லட்சமும் நிறையும் வரை அதுவே உங்களுக்கு எளிய வழி.

முன்அனுமதி கிடைத்துவிட்டால், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எஃப்.சி-4 கணக்கை டிசம்பர் 31-க்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். பணம் எதுவும் வராத ஆண்டிலும் வரவு இல்லை என்று காட்டிப் பதிவேற்றத் தவறாதீர்கள்.