உறைபனிக் காலத்தில் கோழிகளின் குடிநீர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கோழிகள் வெளியே கிடக்கும் வெண்பனியைக் கொத்தித் தின்கின்றன. தாகத்துக்கு அது போதாதா?

பதில்: போதாது. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். புதிதாகப் பெய்த வெண்பனியை உருக்கினால் அதன் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தண்ணீர் தேறும். அதை வயிற்றுக்குள் உருக்குவதற்கும் கோழி தன் உடற்சூட்டைத்தான் செலவழிக்க வேண்டும். தாகம் தீராத கோழி தீவனத்தையும் குறைத்துவிடும் என்பதால், சூடு மிகுதியாகத் தேவைப்படும் நாளில்தான் அதற்கு உள்ளிருந்து சூடு தரும் உணவும் குறைகிறது. ஓட்டை நீக்கிவிட்டால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே குடிநீர் குறையும்போது முட்டையும் குறைவதில் வியப்பில்லை.

கேள்வி: கொட்டகையில் மின் இணைப்பு இல்லை. காலையில் வெந்நீர் ஊற்றினாலும் சில மணி நேரத்தில் உறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: சூட்டைக் கூட்டுவதை விட அளவைக் கூட்டுங்கள். 40 டிகிரித் தண்ணீர் 0 டிகிரிக்கு ஆறும்போது வெளியேறும் வெப்பத்தைப் போல் இரு மடங்கு வெப்பம் வெளியேறினால்தான், அந்த 0 டிகிரித் தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாகும். எனவே ஆழமும் கொள்ளளவும் உடைய பாத்திரத்தில் நிறைய ஊற்றிய வெதுவெதுப்பான தண்ணீர், அகலமான தட்டில் சிறிதளவு ஊற்றிய கொதிநீரை விட நெடுநேரம் தாங்கும். கொதிநீர் கோழியின் வாயையும் சுட்டுவிடும்.

பாத்திரத்துக்குக் கறுப்பு ரப்பர் தொட்டியே என் முதல் தேர்வு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிவதால் கெட்டியான பிளாஸ்டிக் குடுவைகள் வெடித்துவிடும். ரப்பரோ வளைந்து கொடுக்கும். கவிழ்த்து விளிம்பை ஒரு மிதி மிதித்தால், தொட்டியின் வடிவிலேயே பனிக்கட்டி முழுதாகக் கழன்று விழும். கறுப்பு நிறம் வெயிலையும் ஈர்த்துக்கொள்ளும் என்பதால், காற்று மறைந்து வெயில் விழும் இடத்தில் அதை வையுங்கள். பழைய டயருக்குள் தொட்டியை இறக்கி, இடைவெளியில் காய்ந்த வைக்கோலைத் திணித்தால் இன்னும் சிறிது நேரம் கிடைக்கும்.

இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றொன்று வீட்டுக்குள் உருகுமாறு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கோழி இருட்டில் குடிப்பதில்லை. ஆகவே இரவு முழுவதும் தண்ணீரைக் காக்க வேண்டியதில்லை. விடிந்து இறங்கியவுடனும் மாலையில் அடையும் முன்னும்தான் அது நிறையக் குடிக்கும். அந்த இரு வேளைகளில் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். கடுங்குளிரில் நண்பகலிலும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: உப்புக் கரைசல் நிரப்பிய புட்டியை மிதக்கவிட்டால் தண்ணீர் உறையாது என்கிறார்களே?

பதில்: செறிந்த உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது என்பது உண்மை. ஆனால் புட்டிக்குள் இருப்பது உறையாமல் இருப்பதால் வெளியே உள்ள தண்ணீருக்குச் சூடு கிடைத்துவிடாது. இரண்டும் ஒரே அளவுக்குக் குளிர்ந்துதான் கிடக்கும். காற்றில் புட்டி அசைந்தால் மேலே படியும் மெல்லிய ஏடு உடையலாம், அவ்வளவே. மூடி கசிந்தால் உப்பு குடிநீரில் கலந்துவிடும் என்பதால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: குடிநீரிலேயே சிறிது உப்போ வினிகரோ கலக்கலாமா?

பதில்: கூடாது. உறைவதைத் தடுக்கும் அளவுக்கு உப்பைக் கலந்தால் அது கோழிக்கு நஞ்சாகும். கோழி குடிக்கக்கூடிய அளவு வினிகரால் உறைநிலை மாறாது; துத்தநாகம் பூசிய பாத்திரத்தை அது அரிக்கவும் செய்யும். வாகனங்களில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் கொட்டகையின் அருகிலேயே வரக்கூடாது.

கேள்வி: மின் இணைப்பு இருக்கிறது. வெப்ப விளக்கைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். காய்ந்த கூளம், பறக்கும் தூசி, சிறகடிக்கும் கோழி ஆகியவற்றுக்கு நடுவே அந்த விளக்கு அறுந்து விழுந்தால் கொட்டகையே எரிந்துபோகும். தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது மட்டும் தானாக இயங்கும் தெர்மோஸ்டாட் உள்ள அடிச்சூடேற்றியோ சூடேறும் பாத்திரமோ போதும். உலோகப் பாத்திரத்துக்கென்று செய்த அடிச்சூடேற்றியின் மேல் பிளாஸ்டிக் குடுவையை வைக்காதீர்கள். இணைப்பு, மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் கருவி வழியாகவே வரட்டும். வயரைக் கோழி கொத்தாதபடி குழாய்க்குள் செலுத்துங்கள்.

கேள்வி: சேவலின் தாடி நுனி கறுத்துவிட்டது. தண்ணீர்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுவே. அகன்ற தொட்டியில் குனிந்து குடிக்கும் சேவலைக் கூர்ந்து பாருங்கள்: அலகுக்கு முன்பே தாடி நனையும், தலையை நிமிர்த்தும்போது அதன் நுனியில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளி உறையும் இடத்தில் பனிக்கடி, அதாவது குளிரில் சதை உறைந்து கருகும் புண், உண்டாகும். தாடி எட்டாதபடி குறுகிய வாயுள்ள பாத்திரத்தை வையுங்கள். அல்லது பக்கவாட்டு நிப்பிள் (கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் விடும் சிறு முனை) பொருத்திய வாளிக்குள் சிறிய சூடேற்றியை இடுங்கள். கறுத்த பகுதியைத் தேய்க்கவோ வெட்டவோ வேண்டாம். வீக்கமோ சீழோ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதே காரணத்தால் திறந்த தொட்டியை இரவில் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். ஈரக்காற்று தங்கினால், தண்ணீரையே தொடாத பெட்டைகளின் கொண்டையிலும் பனிக்கடி வரும். மாலையில் கோழிகள் அடைந்ததும் தொட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.